பாட்டி சொன்ன விதியை எழுதி வையுங்கள்

ஆட்டப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

(தாயக்கட்டை முதல் ஜெர்மன் போர்டு கேம் வரை, மேசையிலும் தரையிலும் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு வாசகி பதில் எழுதுகிறார். சாம்ராஜ்பேட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார். 19 வருடங்களாக ஆட்டங்களைச் சேகரித்து, படித்து, குறித்து வருகிறார்.)

அக்கா, வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு எப்படி ஆட்டங்களுக்கு நேரம் கிடைக்கிறது? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்? மொத்தம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?
(ஓசூர் வாசகர்)

நான் தினமும் ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி, வாரத்தில் இரண்டு நாள் ஆடினாலே பெரிய விஷயம். மற்ற நாட்களில் படிப்பது, எண்ணிப் பார்ப்பது, துடைத்து வைப்பது, யாரிடமாவது விதி கேட்டு எழுதுவது, இதுதான் நடக்கும். காலையில் ஐந்தரைக்கு எழுந்து டிகாக்‌ஷனுக்கு வெந்நீர் ஊற்றிவிட்டால் அது இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் சாப்பாட்டு மேசையில் ஒரு ஆட்டத்தை விரித்து, இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து ஆடிப் பார்ப்பேன், எந்த இடத்தில் விதி புரியவில்லையோ அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு எழுந்து சமையலுக்குப் போவேன். அப்புறம் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கும்வரை விதிப்புத்தகமும் பென்சிலும் கையில் இருக்கும், புரியாத வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பேன், அதற்குப் பதில் பெரும்பாலும் சாயங்காலம் திரும்பி வரும்போது அதே வரியிலேயே கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஐந்தாறு பேர் கூடுவோம். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர், என் அச்சகத்தில் மெஷின் பார்க்கும் கன்னடப் பையன், மாடி வீட்டு மலையாளி தம்பதி, அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும். ஆளுக்கொரு மொழி, ஆனால் வெட்டுப்பட்ட காயை எடுத்து வைக்கும்போது எல்லார் முகமும் ஒரே மாதிரி போகும்.

என் கணக்கில் 231 ஆட்டங்கள். அதில் 174 பெட்டியில் வந்தவை, கடையில் வாங்கியவை. மீதி 57க்குப் பெட்டியே கிடையாது, மூன்று கோடு போட்ட நோட்டுகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சொல்லி நான் எழுதியது. வீட்டில் தீப்பிடித்தால் எதை எடுப்பாய் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள், யோசிக்காமல் நோட்டைத்தான் என்றேன். பெட்டி ஆட்டங்களைத் திரும்ப வாங்கலாம், இல்லையென்றால் அதே ஆட்டத்தை வேறு யாராவது வைத்திருப்பார்கள்.

தாயம் ஆடும்போது எனக்கு மட்டும் தாயம் விழவே மாட்டேன் என்கிறது. மற்ற மூன்று பேரும் காயை இறக்கி ஒரு சுற்று போய்விடுகிறார்கள், நான் இன்னும் கட்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறேன். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?
(சேலம் வாசகி)

உங்கள் கை ராசி ஒன்றும் கெட்டதல்ல, கணக்கே அப்படித்தான். நம் பித்தளைத் தாயக்கட்டையில் நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் என்பது ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும், அது இரண்டு விதத்தில்தான் விழும். அதாவது எட்டுக்கு ஒன்று. அப்படியென்றால் பத்து முறை தொடர்ந்து உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் அதில் ஒருவருக்குப் பத்து உருட்டலுக்கும் தாயம் விழாமல் போவது கிட்டத்தட்ட வாடிக்கை. அந்த ஒருவர் பல தடவை நீங்களாக இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் ஆட்டமே மாறும். இரண்டும் வெறுமை விழுந்தால் 12, அது 16இல் ஒரு விதம். ஆறும் ஒரே விதம், இரண்டிலும் மூன்று. ஐந்து, தாயத்தைப் போலவே இரண்டு விதம். மறுபடி உருட்டக் கொடுக்கும் 1, 5, 6, 12 நாலையும் சேர்த்தால் 16இல் 6. அதிகமாக விழுவது மூன்று, அது 16இல் 4. ஆகவே எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உங்கள் காயை விட்டு வைத்தால் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம், ஆறு கட்டம் முன்னால் விட்டால் குறைவு. வெட்ட முடியாத கட்டமான மலையில் ஏறி உட்கார முடியாத நேரத்தில் இந்தக் கணக்குதான் காப்பாற்றும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக் கட்டையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சிவாஜிநகரில் பழைய பாத்திரக் கடை ஒன்றில் நான் வாங்கிய ஜோடியில் ஒரு கட்டை எப்போதும் இரண்டிலேயே விழுவதுபோல் தோன்றியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அதை மட்டும் 400 தடவை உருட்டி எழுதினேன். நாலு முகத்துக்கும் சுமார் 100 வர வேண்டும், இரண்டு 131 தடவை வந்தது. மறுநாள் அச்சகத்துக்கு எடுத்துப்போய் காலிப்பர் வைத்து அளந்தால் ஒரு பக்கம் 8.4 மில்லிமீட்டர், மறுபக்கம் 7.9. சதுரமாக இருக்க வேண்டிய கட்டை சப்பையாக இருக்கிறது, அதனால் அகலமான பக்கம் தரையில் படிவது அதிகமாகிறது. அதை நான் தூக்கிப் போடவில்லை, தனியாகச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், ஆடத்தான் எடுப்பதில்லை. உங்கள் ஊரில் ஆடும்போது ஆளுக்கொரு ஜோடி வைத்துக்கொள்ளாமல் நாலு பேரும் ஒரே ஜோடியையே உருட்டுங்கள், அப்போது சப்பைக் கட்டையால் யாருக்கும் தனி லாபம் இருக்காது.

பல்லாங்குழியில் என் அம்மா வீட்டில் குழிக்கு ஐந்து காய், மாமியார் வீட்டில் ஆறு. அங்கே நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்கிறார்கள், இங்கே பசுவே கிடையாது. எது சரியான விதி?
(வேலூர் வாசகி)

இரண்டும் சரி. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே இரண்டும் இரண்டு ஆட்டங்கள். ஏழேழாகப் பதினாலு குழி. ஐந்து வைத்தால் 70 காய், ஆறு வைத்தால் 84 காய். பசு இருக்கிற ஆட்டத்தில் யார் காய் போட்டாலும் உங்கள் பக்கத்துக் குழியில் நாலு சேர்ந்ததும் அது உங்களுடையது, அதனால் கண் பூராவும் ஏழு குழியிலேயே இருக்க வேண்டும். பசு இல்லாத ஆட்டத்தில் கடைசிக் காய் எங்கே விழும் என்ற எண்ணிக்கைதான் முக்கியம். ஒன்றில் விழிப்பு வேண்டும், இன்னொன்றில் கணக்கு வேண்டும். உங்கள் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து ஆடினால் முதல் ஐந்து நிமிஷம் சண்டை வரும், வரட்டும், அந்தச் சண்டையைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் 84 வயதில் ஒரு பாட்டி இருக்கிறார், சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். அவரிடம் விதி கேட்டு எழுதினேன், திருப்பிப் படித்தும் காட்டினேன், சரிதான் கண்ணு என்றார். இரண்டு மாதம் கழித்து அவரோடு உட்கார்ந்து ஆடும்போதுதான் பார்க்கிறேன், கையில் காய் தீர்ந்து அடுத்த குழி காலியாக இருந்தால் அந்தக் காலிக் குழியை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்கிறார். என் நோட்டில் அது இல்லவே இல்லை. ஏன் பாட்டி இதைச் சொல்லவில்லை என்றால், இதைப் போய்ச் சொல்லுவாங்களா என்று கேட்டார். அவருக்கு அது விதியே இல்லை, கை பழகிய பழக்கம். அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போதெல்லாம் சொல்வதை எழுதுவதோடு நிறுத்துவதில்லை, மூன்று ஆட்டமாவது கூட ஆடிவிட்டு, அனுமதி கேட்டுக் கையை மட்டும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்கிறேன்.

எழுத உட்காரும்போது எத்தனை காய், யார் முதலில், எந்தப் பக்கமாகப் போட வேண்டும், கடைசிக் காய் விழுந்ததும் என்ன, இரண்டு குழி தொடர்ந்து காலியானால் என்ன, தோற்றவர் அடுத்த சுற்றை எப்படி ஆரம்பிப்பார் என்று வரிசையாகக் கேளுங்கள். இதையெல்லாம் விட நல்ல கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஆட்டத்தில் எதற்குச் சண்டை போடுவீர்கள்?" இதைக் கேட்டால் போதும், ஒளிந்திருக்கிற விதி அத்தனையும் வெளியே வந்துவிடும்.

இதே ஆட்டத்துக்குக் கன்னடத்தில் அளகுளி மணே என்று பேர், தெலுங்கில் வாமன குண்டலு. மலேசியாவில் சொங்காக், ஆப்பிரிக்கா முழுக்கவும் பல பெயர்களில் இருக்கிறது, ஆராய்ச்சி செய்பவர்கள் இந்தக் குடும்பத்தையே மங்கலா என்பார்கள், அரபியில் நகர்த்துவது என்ற சொல்லிலிருந்து வந்த பேர். அத்தனை பெரிய குடும்பத்தில் உங்கள் மாமியார் வீட்டு விதி ஒரு கிளை, அது அவர்கள் வீட்டோடு நின்றுபோகக் கூடாது.

என் சொந்த அம்மாச்சி ஏழு சோழியை வைத்து ஒரு ஆட்டம் ஆடுவார், நான் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்த ஏழு சோழியும் இன்றைக்கும் என்னிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. ஆட்டம் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது. அலமாரியில் நான் பார்க்கத் தயங்குகிற ஒரே பொருள் அந்த பாட்டில்தான்.

வேலை கிடைத்துப் புதிதாக பெங்களூரு வந்திருக்கிறேன். இந்திராநகர், கோரமங்களா பக்கம் நண்பர்கள் போர்டு கேம் ஆடுகிறார்கள். பெட்டி ஒன்று மூவாயிரம், நாலாயிரம் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?
(எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம். முதல் ஆறு மாதம் மற்றவர் வாங்கியதை ஆடுங்கள், இந்த ஊரில் போர்டு கேம் அடுக்கி வைத்திருக்கும் காபிக் கடைகள் இருக்கின்றன, வாரக் கடைசியில் கூடி ஆடும் குழுக்களும் உண்டு, புதிதாக வருபவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு ஒன்று வாங்குங்கள். என்னைக் கேட்டால் கார்கசோன், 2000இல் வந்த ஜெர்மன் ஆட்டம், 72 அட்டைச் சதுரங்கள், ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து வைத்து ஊரும் சாலையும் கட்டுவது, விதியைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கட்டானும் நல்லதுதான், 1995இல் கிளாஸ் டாய்பர் உருவாக்கியது, அவர் அப்போது பல் கட்டும் தொழிலில் இருந்தார், வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து செய்த ஆட்டம் அது. ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், பேரம் பேசத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 304 தெரியுமா உங்களுக்கு? ஊரில் மாமாக்கள் ஆடியிருப்பார்கள். 52இல் சின்னச் சீட்டுகளை நீக்கி 32 மட்டும் வைத்து ஆடுவது. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிச் சீட்டைக் கூட்டினால் 76, நாலு சாதிக்கும் 304, ஆட்டத்தின் பேரே அதன் மொத்தக் கணக்கு. மாடி வீட்டு மலையாளி தம்பதி ஆடும் 28உம் அதே மாதிரிதான்: ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸும் பத்தும் ஒவ்வொன்று, ஆக 7, நாலு சாதிக்கு 28. ராஜாவைவிட ஜாக்கி பெரியவன் என்பது முதல் நாள் குழப்பும், மூன்றாவது நாள் அதில்தான் ருசியே. ஏலம் கேட்டுத் துருப்பை மறைத்து வைக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடான இடம் என் 174 பெட்டியிலும் பத்துப் பன்னிரண்டில்தான் இருக்கிறது.

மும்பை மழையில் என் ஆட்டப் பலகைகள் எல்லாம் வளைந்துவிடுகின்றன. சீட்டுகளில் பூச்சி. என்ன செய்வது?
(மாட்டுங்கா வாசகர்)

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பலகை என்பது தடித்த அட்டையின்மேல் அச்சடித்த தாளை ஒட்டியது. மேல் பக்கம் லேமினேஷன் இருந்து கீழ்ப்பக்கம் வெறும் தாளாக இருந்தால் கீழ்ப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து விரியும், பலகை அந்தப் பக்கம் புடைக்கும். வளைந்ததை வெயிலில் காய வைக்காதீர்கள், இன்னும் மோசமாகும், மடிப்பில் ஒட்டியிருக்கும் தாளும் பிய்ந்துவிடும். எதிர்ப்பக்கமாக மெதுவாக, மிக மெதுவாக வளைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு சமமான பலகைக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி நாலைந்து நாள் விடுங்கள்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், நீலம் மாறும் வகையாக இருந்தால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள், குறிப்பாகக் குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் என்றால். ராமபாணப் பூச்சிக்குப் பசையும் மாவும்தான் சாப்பாடு, நம் ஆட்டப் பெட்டி அதற்கு விருந்து. ஓலைச்சுவடி காலத்திலிருந்து வரும் வசம்புதான் நானும் வைக்கிறேன், துண்டு துண்டாக நறுக்கிச் சின்னத் துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் ஒன்று. அதிகம் ஆடும் சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள், அளவைப் பார்த்து வாங்குங்கள், சாதாரணச் சீட்டு 63 மில்லிமீட்டருக்கு 88, எல்லா ஆட்டச் சீட்டும் அந்த அளவில் இருக்காது.

ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீர்கள். என் முதல் கட்டானின் சீட்டுகளைப் பத்திரம் என்று நினைத்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். ஒரு கோடை கழித்து எடுத்தால் ரப்பர் உருகிச் சீட்டோடு ஒட்டி, பிரிக்கும்போது மேல் தாளோடு வந்துவிட்டது. ஒன்பது சீட்டு போச்சு.

வீட்டில் தாயக்கட்டை உருட்டினால் குடும்பம் உருப்படாது, பாரதத்தில் என்ன நடந்தது பார் என்று மாமியார் சொல்கிறார். பிள்ளைகள் கையில் தொடக்கூட விடுவதில்லை. என்ன சொல்வது?
(திருச்சி வாசகி)

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பணம் வைத்து ஆடிக் குடும்பம் அழிந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். வள்ளுவர் சூது என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆனால் அதே வள்ளுவர் 401ஆவது குறளில் படிக்காமல் சபையில் பேசுகிறவனுக்கு உவமை சொல்லும்போது "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்கிறார், அதாவது கட்டம் கீறாமல் காய் ஆடுவது போல. கோடு கிழித்து ஒழுங்காக ஆடுகிற ஆட்டம் என்றால் என்ன என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தானே அந்த உவமை நிற்கும்? கீழடியில் தோண்டி எடுத்தவற்றில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் இருக்கின்றன, போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடியிருப்பாரே மாமியார், அதிலிருந்து தொடங்குங்கள். நல்ல குணம் ஏணி, கெட்ட குணம் பாம்பு, மேலே வைகுண்டம். அதுதான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், குணங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. காசு நடுவில் இல்லாதவரை அது ஆட்டம்தான் என்று சொல்லி, முதல் உருட்டலை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

தோற்றால் பலகையைத் தள்ளிவிடுகிறான் ஏழு வயது மகன்.
(கோவை வாசகர்)

எதிரில் உட்காராமல் கொஞ்ச நாள் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் நீங்களும் அவனும் சேர்ந்து ஆடுகளை வையுங்கள், அம்மா புலியாக இருக்கட்டும். 15 ஆடு இருப்பதால் ஒன்றிரண்டு வெட்டுப்பட்டாலும் ஆட்டம் போகாது, இழப்பதற்குப் பழகிவிடுவான். பிறகு எதிரில் உட்காருங்கள். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் ஜெயித்ததையும் நம்ப மாட்டார்கள்.

பழைய ஆட்டங்களைப் பார்க்க பெங்களூரிலிருந்து எங்கே போகலாம்? குடும்பத்தோடு இரண்டு நாள் வருகிறோம்.
(மதுரை வாசகர்)

மைசூர் போங்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) என்ற மகாராஜா ஆட்டங்களுக்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். 1831இல் வெள்ளைக்காரர்கள் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கலையிலும் ஆட்டத்திலும் மனதைச் செலுத்தி, புதிது புதிதாகப் பலகை ஆட்டங்களையும் சதுரங்கப் புதிர்களையும் கஞ்சீஃபா சீட்டாட்டங்களையும் உருவாக்கினார். ஸ்ரீதத்துவநிதி என்ற அவருடைய பெரிய நூலில் கௌதுகநிதி என்ற பகுதியில் இந்த ஆட்டங்கள் வருகின்றன. ஜகன்மோகன் அரண்மனையின் ரங்கமகால் சுவரில் அவருடைய ஆட்டப் பலகைகளைப் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். நான் முதல் தடவை அதன் முன்னால் நின்றபோது ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, கட்டங்களை எண்ணி எண்ணி நோட்டில் போட்டுக்கொண்டிருந்தேன், பாதுகாவலர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அடிக்கடி பராமரிப்பு வேலை நடக்கும், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கஞ்சீஃபா என்பது வட்டச் சீட்டு, கையால் தீட்டியது. முகலாயக் கட்டில் எட்டு சாதி, சாதிக்குப் பன்னிரண்டு, மொத்தம் 96. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரம், 120 சீட்டு. 1527இல் பாபர் தன் நண்பருக்கு சிந்துவுக்குக் கஞ்சீஃபா அனுப்பியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். மைசூர் கஞ்சீஃபாவை இன்றைக்கும் தீட்டுகிறார்கள், ஆனால் வாங்குகிறவர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள், ஆடுகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. படம் பிழைத்துக்கொண்டது, ஆட்டம் பிழைக்கவில்லை. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்ற அமைப்பு மைசூரில் கிரீடா கௌசல்யா என்ற பேரில் பழைய பலகைகளைத் துணியிலும் மரத்திலும் செய்து, விதியோடு சேர்த்துக் கண்காட்சி வைத்து வருகிறது, நீங்கள் வரும் நேரம் அது நடந்தால் விட்டுவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது சென்னபட்டணாவில் இறங்குங்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள், சூட்டிலேயே வண்ணம் உருகி ஏறும், கடைசியில் தாழை ஓலையால் ஒரு தேய் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்துவிடும். பொம்மைதான் செய்வார்கள், ஆனால் கேட்டால் ஆட்டக்காயும் கடைந்து தருவார்கள். நாலு வண்ணத்தில் நன்னாலு காய் வாங்கிக்கொள்ளுங்கள், தாயத்துக்கு ஆகும்.

அம்மா, எனக்கு வயது 61. எங்கள் தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். லைன் வீட்டுத் திண்ணையில் அவரும் நண்பர்களும் முக்கோணமாகக் கோடு கிழித்து, கல்லை வைத்து ஆடுவார்கள். ஆடுபுலி என்று நினைத்தேன், ஆனால் புலி மூன்றல்ல, நாலு என்று ஞாபகம். அந்தத் திண்ணையில் கோடு இன்னும் இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு 88 வயது, அவருக்கு ஆடத் தெரியும். இது ஏதாவது முக்கியமானதா?
(கே.ஜி.எஃப். வாசகர்)

ஐயா, இந்த மாதம் வந்ததில் நான் நாலு தடவை படித்த கடிதம் உங்களுடையதுதான். நாம் பரவலாக ஆடும் ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு, கோடுகள் சேரும் இடம் 23. நேபாளத்தில் பாக்சால் என்று ஒன்று இருக்கிறது, அதில் 4 புலி, 20 ஆடு, ஆனால் அது முக்கோணமல்ல, ஐந்துக்கு ஐந்து சதுரம், 25 இடம். அதைக் கணினியில் முழுக்க அலசி, இரண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிரூபித்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா முக்கோணத்தில் நாலு புலி வைத்து ஆடினார் என்றால் எத்தனை ஆடு வைத்துச் சரிக்கட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு ஊர் விதியோடு வந்திருப்பார்கள், அந்தத் திண்ணையில் அதெல்லாம் கலந்திருக்கலாம்.

முதலில் திண்ணைக்குச் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கோடு அப்படியே பதியும், இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பெரியம்மாவிடம் இதை மட்டும் கேளுங்கள்: புலிகள் முதலிலேயே இறங்குமா, ஆடு ஒவ்வொன்றாக வைக்கும்போது மாறி மாறி இறங்குமா? எல்லா ஆடும் வைத்து முடியும்வரை ஆடு நகரக் கூடாதா? எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு? ஒரே தாவலில் இரண்டு ஆட்டை வெட்டலாமா? அப்புறம் எதற்குச் சண்டை வரும்?

அவருக்குக் களைப்பாக இருந்தால் கேள்வியை நிறுத்திவிட்டுக் கல்லை மட்டும் கையில் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை மாரிக்குப்பம் ரயிலில் நானே வருகிறேன், ஆட்டக்காயும் நோட்டும் கொண்டு வருகிறேன், பெரியம்மாவுக்குச் சௌகரியப்படுமா என்று மட்டும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.